சலவைக்கூடத்துப் பேச்சு

— அதாவதும்மா, பன்னிரண்டு படம் காட்டியாச்சு. யானை, குடை, பூனை, கப்பல். உங்க பொண்ணுகிட்ட இருந்து ஒண்ணுக்கும் பதில் வரலை. "பேச்சு வளர்ச்சி இல்லை, பள்ளியில் சேர்க்க இயலாது"ன்னு எழுதுறேன்.

— எழுதிட்டீங்களா சார்?

— கையெழுத்துதான் பாக்கி.

— பன்னிரண்டுக்கும் சொன்னாளே சார். கப்பலுக்கு ரெண்டு தடவை சொன்னா.

— அது உளறல். நான் மொழியியல் பேராசிரியர், பதினோரு மொழி படிச்சவன். எந்த மொழியா இருந்தாலும் வாசனை பிடிச்சிடுவேன். வீட்ல என்ன பேசுறீங்க?

— எனக்குத் தமிழ். அவ அப்பாவுக்கு வேற. அவருக்கு இது வராது, எனக்கு அது வராது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல எதிரெதிர் மெஷின் எங்களுக்கு. அங்க இருபது பேர், ஒன்பது பாஷை. மூட்டை, சூடு, ஈரம், சீக்கிரம், சூப்பர்வைசர் வர்றார்னு ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்ட முப்பது வார்த்தை. அதுலதான் வேலை. அதுலதான் கல்யாணமும் பேசி முடிச்சோம்.

— முப்பது வார்த்தையிலயா?

— அதுக்கு மேல பேசியிருந்தா கல்யாணம் நடந்திருக்குமா சார்?

— சரி, பிள்ளையை யார் பார்த்துக்கிறாங்க?

— பிள்ளைங்களேதான். துணி மூட்டைக்கு நடுவுல ஏழு உருப்படி, கைக்குழந்தையில இருந்து அங்கதான் கிடக்குது. தமிழ்ல கேட்டா இவளுக்குப் புரியும். பதில் மட்டும் அவங்க பேச்சுலதான் வரும்.

— உங்க சூடு, ஈரம். அதைப் பேச்சுன்னு சொல்றதில்லைம்மா.

— முப்பது எங்களுக்கு. அவங்க எவ்வளவு வச்சிருக்காங்கன்னு என்னால எண்ண முடியலை. நேத்து ஒரு கனவு சொன்னா.

— கனவா? "நேத்து"ன்னு சொல்ல உங்ககிட்ட வார்த்தை இருந்துச்சா?

— எங்களுக்கு எதுக்கு சார் நேத்து? எங்க வேலையில எல்லாமே இப்பவே வேணும். அவங்களா ஒண்ணு வச்சுக்கிட்டாங்க.

— பொய் சொல்வாளா?

— சரளமா.

— நடக்காததைப் பத்தி? இப்படி நடந்திருந்தா, அப்படி நடந்திருந்தான்னு?

— அது தினமும் உண்டு. "நான் உனக்கு அம்மாவா இருந்திருந்தா உன்னைத் திட்டியிருக்க மாட்டேன்"னா. அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கும் அவருக்கும் ஒரு வாரம் ஆச்சு.

— யார் சொல்லிக்கொடுத்தாங்க?

— யாருமில்ல. ஏழும் தலையோட தலை சேர்த்து உட்கார்ந்திருக்கும். பெரியவங்க நாங்க வாயைத் திறந்தா தப்புன்னு சிரிக்கும். எங்க இருபது பேருக்குமே பாதிதான் பிடிபடுது.

— கொஞ்சம் தண்ணி இருக்காம்மா?

— உங்க மேஜையிலதான் இருக்கு சார்.

— முப்பது வருஷமா மொழி எப்படிப் பிறக்கும்னு வகுப்பெடுத்துப் பிழைச்சவன் நான். பிறந்து நான் பார்த்ததில்லை. அது இப்ப என் மேஜைக்கு அடியில உட்கார்ந்து என் செருப்பு வாரை அவுத்துக்கிட்டிருக்கு.

— அடடா. மன்னிச்சுக்கோங்க சார்.

— இருக்கட்டும், அவுக்கட்டும். அம்மா, இவளை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. ஒரே ஒரு வருஷம். ஒலிப்பதிவு பண்ணணும், நூல் எழுதணும், மாநாட்டுல வாசிக்கணும்.

— பேச்சு வரலைன்னா ஸ்கூல் கிடையாதுன்னீங்க. வந்துடுச்சுன்னாலும் கிடையாதுங்கறீங்க. நாங்க எந்தப் பக்கம் சார் போறது? திங்கக்கிழமை ஒண்ணாங்கிளாஸ். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே தூங்குறா. அவ என் பொண்ணு சார், உங்க நூல் இல்லை.

— அந்தத் தாளை இப்படித் தள்ளுங்கம்மா.

— சார்?

— முன்னே எழுதினதை அடிச்சுட்டேன். "மிக நன்றாகப் பேசுகிறாள். சேர்த்துக்கொள்ளவும்." கையெழுத்தும் போட்டாச்சு, பிடிங்க. ஆனா மனசு கேக்கலைம்மா. அங்க ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைங்க, எல்லாருக்கும் ஒரே மொழி. ஆறே மாசத்துல இந்தப் பேச்சு இருந்த இடம் தெரியாது.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்த ஏழுல மூத்தது ஒண்ணு போன வருஷமே அங்க சேர்ந்துச்சு.

— மறந்துடுச்சா?

— அந்த வகுப்பு நாற்பதும் இப்ப இதைத்தான் சார் பேசுது. இன்னொண்ணு உள்ள வந்தா என்ன ஆகும்னு பயந்துதான் ஹெட்மாஸ்டர் எங்களை உங்ககிட்ட அனுப்பினார்.