கடல் தெரியுற பக்கம்

மலகாவ மட்டும் விட்டுராதீங்க. பார்சிலோனாவுக்கு எல்லாரும் போவாங்க, நாலு போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிருவாங்க. நீங்க அங்கருந்து ரயிலப் பிடிச்சுக் கீழ எறங்கணும், வாலன்சியாவுக்கு. இடது பக்கமா உக்காந்துக்கங்க, கடல் அந்தப் பக்கந்தான் வரும். அப்புறம் அலிகாண்டே. அங்கருந்து பஸ்ல மலகா. அக்டோபர்லயும் நல்லா வெயில் அடிக்குமாம், ஆனா சுடாதாம்.

ஐயய்யோ, இல்லங்க. நான் எங்க போனேன். கோவில்பட்டிப் பக்கத்தத் தாண்டி வந்ததே இந்த ஜூன் மாசந்தான். ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்ததே எனக்குப் பெரிய பயணம். இதெல்லாம் எங்க அக்கா சொல்லிச் சொல்லிக் கேட்டது. அவ போட்ட பிளான்.

நீங்க உக்காருங்க, உங்க டோக்கன் இன்னும் வரல. எனக்கும் ஆள் வரணும். சேலரி சர்டிபிகேட்டுல இன்னொரு காப்பி வேணும்னுட்டான், எடுத்துட்டு வரக் கீழ போயிருக்காக. இந்த ஸ்பெயின் எம்பசியில ஒரு பேப்பர் கொறைஞ்சாலும் விசா ஆகாதாம். ஏசியப் பாருங்க, வெளிய அந்தக் கொதி கொதிக்குது, உள்ள பல்லு அடிக்குது. ஊக்கு வேற குத்தலன்னா இந்தச் சேல நிக்க மாட்டேங்குது.

அக்கா பேரு நாகவள்ளி. என்னவிட ஏழு வயசு மூப்பு. அத்தான் ரெங்கராஜ் இண்டஸ்ட்ரியல் ஏரியால டேங்கு செய்யுற கம்பெனியில வேலை, நல்ல பொறுப்புல இருக்காக. கல்யாணமாகி வந்ததுலருந்து ஷார்ஜாவுல ரோலாங்குற எடத்துலதான் வீடு. ஒரே பொண்ணு, சம்யுக்தா. அக்கா வீட்லயே சுத்துவட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூசன் எடுப்பா. கணக்கு நல்லா வரும் அவளுக்கு.

இங்க உள்ளவுகளுக்கு லீவுன்னா என்ன, ஊருக்குப் போறதுதானே. அக்காவுக்கும் அதான். எறங்குன மறுநாளே அத்தானோட தம்பி வீட்ல ஒரு விசேசம், அது முடிஞ்சா காதுகுத்து, அது முடிஞ்சா கோயில் கொடை. வந்தவுக போனவுகளுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டே லீவு தீந்துரும். ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல வச்சு எங்கிட்டச் சொன்னா, சரசு, நான் ஊருக்கு வந்து ஊரப் பாக்கலடி, அடுப்பத்தான் பாத்துட்டுப் போறேன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன்.

ஸ்பெயின் எங்கருந்து வந்துச்சுன்னா, பல்லு டாக்டர்ட்டருந்து வந்துச்சு. நெசமா. கடவாப்பல்லு வலின்னு போயிருக்கா, வெயிட்டிங்ல ஒரு இங்கிலீஷ் பொஸ்தகம் கெடந்துருக்கு. அதுல ஒரு தெரு. நம்ம பக்கம் ரோட்டோரம் புளியமரம் நிக்கும்ல, அந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஆரஞ்சு மரம், காயும் பழமுமாத் தொங்குது. தெரு முடியுற எடத்துல நீலமாக் கடல். ஒரு பொம்பள தொப்பி போட்டுக்கிட்டுத் தனியா நடந்து போறா, கையில ஒண்ணுமில்ல, பையுமில்ல, பிள்ளையுமில்ல. அந்தப் பொம்பளதான் அக்காவுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நெனைக்கிறேன். நர்சு பேரச் சொல்லிக் கூப்பிட்டும் இவ எந்திரிக்கலையாம்.

வீட்டுக்கு வந்து அத்தான்ட்டச் சொல்லிருக்கா. அவுக மொதல்ல சிரிச்சுட்டாக. இங்க அடிக்கிற வெயில் பத்தலையா, காசு குடுத்து இன்னொரு வெயிலுக்குப் போகணுமா, கடல் பாக்கணும்னா பக்கத்துல அஜ்மான்ல இருக்கு, சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்னுருக்காக. அதுக்கு அக்கா சொன்னாளாம்:

இந்த வெயில் நம்மள உள்ள வச்சுப் பூட்டுது. அந்த வெயில் வெளிய வான்னு கூப்பிடுது. எனக்கு ஒரு தடவ வெளிய நடக்கணும்.

அத்தான் ஒரு பேச்சு உள்ள போயிருச்சுன்னா வாய மூடிக்கிருவாக. மறுவாரம் வந்து, பாஸ்போர்ட்ட ரினீவல் குடுக்கணும், போட்டோ எடுத்துக்கோன்னாகளாம். அவ்வளவுதான் சம்மதம்.

வெள்ளிக்கிழமையானா எனக்குப் போன் பண்ணுவா. முன்னாலயெல்லாம் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, ஒனக்கு வரன் எதும் வந்துச்சா, இதான் பேச்சு. அப்புறம் பாத்தா வாலன்சியாவுல சோத்துக்குள்ளயே மீனையும் எறாலையும் போட்டு அகலச் சட்டியில ஆக்குவானாம், மலகாவுல மத்தியானம் கடையெல்லாம் அடைச்சிட்டுத் தூங்குவாங்களாம், ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சாப்பிடவே உக்காருவாங்களாம். நான் சொன்னேன், ஒங்க மாமியாளுக்கு அது சரிவராதேன்னு. ரெண்டு பேரும் போன்ல அப்படிச் சிரிச்சோம். நான் ஊர்ல பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தேன். என் கிளாஸ் பிள்ளைகளுக்கெல்லாம் வரைபடத்துல ஸ்பெயினக் காட்டிருக்கேன்னா பாத்துக்கங்க.

மாமியாருக்குச் சொன்னதுதான் பெரிய கத. அந்த வருசம் கொழுந்தனாரு புது வீடு கட்டிப் பால் காச்சுறாக. அதுக்கு வராம வெள்ளக்காரன் ஊருக்கா போறீக, என்ன இருக்கு அங்கன்னு அத்தானோட அம்மா போன்லயே அழுதுட்டாக. வழக்கமா அத்தான்தான் பேசிச் சமாளிப்பாக. அன்னைக்கு அக்கா ரிசீவர வாங்கிப் பேசினா. அத்தை, வீடு அங்கனயேதான இருக்கும், அடுத்த வருசம் வந்து பாக்குறேன், இந்த ஒரு வருசம் விடுங்கன்னு. சத்தம் போடாமத்தான் சொல்லிருக்கா. ஆனா அவ ஒரு வார்த்த எதிர்த்துச் சொல்லி அந்த வீட்ல யாரும் கேட்டதில்ல.

அவ ஊருக்கு வரல. அம்மாவுக்கும் எனக்கும் வருத்தந்தான். வந்திருந்தா ஒரு தடவ பாத்திருப்போம்.

ஆமாங்க. எறந்துட்டா.

போன வருசம் ஆகஸ்ட்ல. தலவலி தலவலின்னு ரெண்டு மூணு நாளாச் சொல்லிருக்கா. ஏசியில இருக்கிறதால இருக்கும்னு தைலத்தத் தேச்சுக்கிட்டு டியூசனும் எடுத்திருக்கா. போர்டுல எழுதிக்கிட்டு இருந்தவ அப்படியே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. தலைக்குள்ள ரத்தக்குழா வெடிச்சிருச்சாம். ஆஸ்பத்திரியில கண்ணத் தொறக்கவே இல்ல. அக்டோபர்ல பெருநாள் லீவுக்கு ஸ்பெயின் போறதா இருந்தாக. டிக்கெட் போட்டாச்சு. இந்த எம்பசிக்கு வர்றதுக்குக் கூட நாள் குறிச்சாச்சு.

இங்க ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பாடிய ஊருக்கு அனுப்பணும்னா எறந்தவுக பாஸ்போர்ட்ட மொதல்ல கேன்சல் பண்ணணும். புது பாஸ்போர்ட்டு, ஒரு முத்திர விழல அதுல. அத்தானே கையில கொண்டுபோய்க் குடுத்திருக்காக. மொத முத்திரயே கேன்சல் முத்திர. திருவனந்தபுரத்துல எறக்கி ஆம்புலன்ஸ்ல கோவில்பட்டிக்குக் கொண்டாந்தாக. பிள்ள அப்பா மடியிலயே உக்காந்து வந்துச்சு. அழல. யாரு தூக்குனாலும் போகல, எங்கிட்ட மட்டும் வந்துச்சு. வந்து என் ஜடையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

பாவந்தான். என்ன செய்ய.

அப்புறம் அத்தான் பிள்ளையக் கூட்டிட்டு இங்க வந்துட்டாக. அவுகளுக்குச் சமைக்கத் தெரியாது, பிள்ளைக்குத் தல பின்னத் தெரியாது. பக்கத்து பிளாட்டுல கலீலுர் ரஹ்மான் வீட்டம்மா இருக்காக, அவுகதான் பாத்துக்கிட்டாக, நல்ல மனுசி. ஆனா எத்தன நாளைக்கு. பெரியவுக பேசினாக. பிள்ளைக்குச் சித்திய விட்டா யாரு இருக்கான்னாக. ஜூன்ல நான் வந்தேன்.

அம்மாவா. அம்மா வரல, ஊர்லதான் இருக்காக.

வந்த புதுசுல எனக்கு அந்த வீட்ல எதத் தொடவும் பயமா இருக்கும். பருப்பு டப்பாவுல அவ எழுத்து. பாத்ரூம்ல அவ சீப்பு. பீரோவத் தொறந்தா மேல் தட்டுல ஒரு வைக்கத் தொப்பி, வெலச்சீட்டுக் கூடப் பிரிக்காம. நான் பாத்துட்டு நிக்கிறத அத்தான் பாத்துட்டாக. வேணும்னா எடுத்துக்கோன்னாக. நான் பீரோவச் சாத்திட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுன்னா அவ்வளவுதான். டூட்டிக்குப் போவாக, வருவாக, சாப்பாடு போடுவேன், உப்பு இருக்கா காரம் இருக்கான்னு கூடச் சொல்ல மாட்டாக. மரியாதைக்கு ஒண்ணும் கொறையில்ல. பஸ்ல பொம்பளைகளுக்கு எடம் விட்டு நிப்பாங்கல்ல தெரியாத ஆம்பள, அந்த மாதிரி மரியாத.

பிள்ளையும் அப்பனப் போலத்தான். இங்கிலீஷ்லயே பேசும், தேவைக்குப் பேசும். ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். தட்டப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு:

அப்பா, மலகா இன்னும் இருக்கா?

அத்தான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கும்மான்னாக. பிள்ளைக்கு அது தெரிய வேண்டியிருந்துச்சு போல. அம்மா போனதோட அந்த ஊரும் போயிருச்சுன்னு நெனச்சிருக்கு. அப்ப நாம போலாமான்னு கேட்டுச்சு. மூணு பேர்னுதானே அம்மா சொன்னா, இப்பவும் மூணு பேர்தானன்னு என்னையப் பாத்துச்சு. அத்தான் எந்திரிச்சுப் போய் வாஷ்பேசின்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு நின்னாக. கைகழுவுற சத்தம் வரல, தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் பிள்ளைக்குத் தயிர ஊத்தினேன்.

மறுவாரம் வந்து என்னையக் கேட்டாக. ஒனக்கு வர இஷ்டமான்னு. வந்ததுலருந்து மொதத் தடவயா ஒரு கேள்வி. நான் என்னத்தச் சொல்ல. பிள்ள ஆசப்படுதுன்னேன். அதே மாசம், அதே ஊருங்க, அவ சொன்ன மாதிரியே பார்சிலோனாவுல எறங்கி. ஹோட்டல் கூட அவ பாத்து வச்சதுதான்.

என் வீட்டுக்காரரா.

அந்தா, கண்ணாடிக் கதவத் தள்ளிக்கிட்டு வர்றாகள்ல, வெள்ளச் சட்ட, பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு. அவுகதான் ரெங்கராஜ். ம். எங்க வீட்டுக்காரரும் அவுகதாங்க. சித்திரையில கல்யாணம். கோயில்ல வச்சு, நாங்க பத்துப் பதினஞ்சு பேருதான். அக்காவுக்குத் தலைத்திவசம் கூட அப்ப வரல. பிள்ள ஸ்கூலு கெட்டுப்போகும்னு பெரியவுக அவசரப்பட்டுட்டாக. நான் அத்தான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன், இப்பவும் அத்தாந்தான். அது சித்தின்னு கூப்பிட்டுச்சு, இப்பவும் சித்திதான். சட்டுனு பாத்தா ஒண்ணும் மாறலன்னுதான் தோணும்.

இல்லங்க, நீங்க ஏன் சாரி சொல்றீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும். எனக்கும் மதுரையில ஒரு எடம் பேசி வச்சிருந்தாக. நல்ல பையன்தான். அவருக்கும் வேற எடத்துல முடிஞ்சு போச்சு.

குத்தம் சொல்ல யாருமில்ல. அவுக கெட்ட மனுசன் இல்ல. சில நாள் காலையில காப்பி டம்ளர வாங்கும்போது நாகுன்னு வாய் வரைக்கும் வந்துரும் அவுகளுக்கு, சட்டுனு முழுங்கிருவாக. சொல்லிட்டாலும் பரவாயில்லன்னு சொல்ல நெனைப்பேன். எனக்கும் அவளக் கூப்பிட ஆசையாத்தான இருக்கு. அந்த வீட்ல அவளுக்காக அழ மூணு பேர் இருக்கோம், ஒருத்தர் முன்னால ஒருத்தர் அழ முடியல.

கூப்பிடுறாங்க பாருங்க, எங்க நம்பருதான். இருங்க, இந்தப் பைய எடுத்துக்கிறேன்.

சந்தோசமா இருக்கான்னா கேக்குறீங்க. தெரியலங்க. எனக்குக் கடல்னா பயம். சின்னதுல திருச்செந்தூருக்கு மொட்ட போடப் போனப்ப அல இழுத்துட்டுப் போயிருச்சு, அக்காதான் பாவாடையோட உள்ள ஓடியாந்து தூக்கினா. அம்மாட்டச் சொன்னா அடிப்பாகன்னு ரெண்டு பேரும் யாருகிட்டயும் சொல்லல. அதுலருந்து நான் தண்ணிப் பக்கம் போனதில்ல. அவளுக்கு மட்டுந்தான் அது தெரியும்.

இத அத்தான்ட்டச் சொல்லணும். ஸ்பெயினுக்குப் போறதுக்குள்ள எப்படியாவது சொல்லிரணும்.