இடது முட்டிக்கு மட்டும்

அறுபதுகளில் ஒரு சாரல் நாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்: “இடது முட்டிக்கு மட்டுந்தான் தைலம் தேய்ச்சேன்.”

“ஏன்க்கா, வலது முட்டி வலிக்கலியா?”

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான் வலிச்சுது. தைலம் எம் மருமவன் காய்ச்சுனது. ரெண்டுலயும் தேய்ச்சா, குணமானது தைலத்தாலயா, தானாவான்னு எப்படித் தெரியும்?”

“இப்ப எப்படி இருக்கு?”

“இன்னமும் ரெண்டும் ஒண்ணுபோலத்தான் வலிக்கி.”

“ஐயோ! சீசனுக்குத் தைலக்கடை போடப் போறாவன்னு சொன்னியளே. மருமவன்கிட்ட சொல்லிட்டியளா?”

“சொன்னேன். முகம் சுண்டிப் போச்சு. ஆனா கடையத் தொறக்கல. வேற பக்குவத்துல காய்ச்சிக் கொண்டாந்து, ‘அத்தை, இத வலது முட்டியில மட்டும் தேய்ச்சுப் பாருங்க’ன்னாவ.”

சொல்லிவிட்டு வலது முட்டியைத் தட்டிக் காட்டினாள்.

“எம் மவளத் தப்பான எடத்துல குடுக்கல, பாத்துக்க.”