எந்த ஸ்பீக்கர் நல்லது என்று கேட்டீர்கள்

போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டீர்கள். விசாரணையெல்லாம் முடிந்து, வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது. "எங்க வீட்லயும் ஹோம் தியேட்டர் வேணும்னு பசங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நீங்க ரெண்டு சென்டர் ஸ்பீக்கர் போட்டுப் பாத்தீங்களே, அதுல எது சார் நல்லது?" துக்க வீட்டில் இதைப் போய்க் கேட்டுவிட்டோமே என்று உடனே உங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். டீயெல்லாம் வேண்டாம், உட்காருங்கள்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, ரத்தம் போய் இறந்தாள். பக்கத்து அறையில் நான் படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டதைப் படத்தில் வருகிற குரல் என்று நினைத்துவிட்டேன். உங்கள் கோப்பில் இருப்பது இதுதான். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் சென்டர் ஸ்பீக்கர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளிடம் சொல்ல உதவும். இடது பக்கமும் வலது பக்கமும் நிற்கிற ஸ்பீக்கர்களில் பாட்டு, மழை, வண்டிச் சத்தம் எல்லாம் வரும். மனிதர்கள் பேசுவது முழுக்க டிவிக்குக் கீழே நட்டநடுவில் படுத்துக்கிடக்கிற அந்த ஒரு பெட்டியில்தான் வரும். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை. "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று பக்கத்தில் இருப்பவரை நச்சரித்துக்கொண்டே படம் பார்க்க வேண்டியதுதான்.

நான் பம்பு செய்கிற கம்பெனியில் தரம் பார்ப்பவன். ஓடுகிற மோட்டார் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டு, இது போகலாம், இது கூடாது என்று சொல்ல வேண்டும். கூடாது என்றால் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். காலமெல்லாம் இதே வேலை பார்த்தவனுக்குப் பிசிறு தட்டுகிற சத்தம் என்றாலே உடம்பு கூசும். சாக்குக்காகச் சொல்லவில்லை, என் சுபாவம் உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அந்தக் குரலில் விழுந்துவிட்டேன். ஏற வேண்டிய வண்டி கண்ணெதிரே கிளம்பிப் போக, அடுத்த வண்டி தாமதமாக வரும் என்று அவள் சொல்வதை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். "ரயிலை விட்டுட்டு என்னைப் புடிச்சிட்டீங்க" என்று கல்யாணமான பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வாய் ஓயாது. சமையலறையிலிருந்து "என்னங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் மாடியில் இருக்கிற எனக்கும் கேட்கும், எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கும். நான் அசையாமல் இருந்தால் அவர் ஜன்னல் வழியாக, "சார், உங்களைத்தான்" என்பார். அப்படி ஒரு வீடாக இருந்தது அது.

வாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்தது. கையும் காலும் ஓரளவு தேறின. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சுதான் தேறவில்லை. மனசுக்குள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, நாக்கு புரளாததால் வெளியே வரும்போது குழைந்து கூழாகிவிடும். "என்னங்க" என்பது "எங்ங" என்று வரும். "என்ன, திரும்பச் சொல்லு" என்பேன். திரும்பவும் அதேதான் வரும். கண் கலங்கிவிடும் அவளுக்கு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தினமும் கொஞ்ச நேரம் மொகத்தைப் பாத்து உக்காந்து பேசுங்க சார். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. நீங்க அவசரப்பட்டா அவங்க வாயை மூடிக்குவாங்க." கொஞ்ச காலம் செய்தேன், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் சலித்துப்போய்விட்டது. இதற்கு நல்ல வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஊருக்கே வழி சொன்ன குரல் சார் அது. அது இப்படி ஆகிவிட்டதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. கடைசியில் எரிச்சல் மட்டும் வந்தது.

அப்போதுதான் ஹோம் தியேட்டர் ஆசை வந்தது. அவள் படுக்கிற அறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்தேன். ஜன்னலுக்குக் கனமான திரை, எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பஞ்சுப் பலகை, எல்லாம் நானே போட்டேன். "அக்காவுக்கும் பொழுது போகும் மாமா" என்று மச்சினன் சந்தோஷப்பட்டான். ஒரே ஒரு தடவை அவளைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன். படம் ஓட ஓட ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் அந்த ஆள் என்று கேட்டாளோ, ஏசி குளிர்கிறது என்றாளோ, தெரியாது. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அதற்கப்புறம் அந்த அறைக்கு வர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

எல்லாம் வாங்கியாகிவிட்டது, நடு ஸ்பீக்கர் மட்டும் அமையவில்லை. கடைக்காரரைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். ஒன்று குரலுக்கு நல்ல கனம் கொடுத்தது, ஆனால் ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. இன்னொன்று பெரியது, எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்தது, ஆனால் காதில் குத்துமோ என்று சந்தேகம். கடையின் இரைச்சலில் எதுவும் முடிவாகவில்லை. "பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க சார்" என்று சிரித்துவிட்டு, இரண்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். "ரெண்டுலயும் ஒரே சீனைப் போட்டுப் பாருங்க. மாத்துறப்ப ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க. பிடிக்காததைத் திருப்பிக் கொண்டாங்க."

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவளைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாவுக்கு அன்று விடுமுறை. சாப்பிடக் கொடுத்து, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்துவிட்டு, "ஏதாவது வேணும்னா கூப்பிடும்மா, பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொன்னேன். கேட்க வேண்டும் என்றுதான் இரண்டு கதவுகளையும் பாதி திறந்து வைத்தேன். அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு இருந்தது.

அம்மாவும் மகனும் மழையில் நின்று பேசுகிற ஒரு காட்சியை எடுத்துக்கொண்டேன். முதலில் சின்ன ஸ்பீக்கர். ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையிலிருந்து "எங்ங" என்று வந்தது. "இதோ வர்றேன்" என்றேன். மறுபடியும் வந்தது. "இரும்மா, ஒரு நிமிஷம்" என்றேன். அப்புறம் வரவில்லை. பாத்ரூம் போக என் கையை எதிர்பார்த்திருக்கிறாள். வராததால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே போயிருக்கிறாள். தொப்பென்று ஒரு சத்தம். வாளி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள் அவள். சின்னக் கீறல் பட்டாலே லேசில் நிற்காது, உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று டாக்டர் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

காட்சி முழுவதையும் பெரிய ஸ்பீக்கரிலும் திரும்பத் திரும்பப் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மச்சினன் ஓடிவந்து அக்காவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கூப்பிட்டிருப்பா மாமா. நீங்க படத்துல பேசுறாங்கன்னு நினைச்சிருப்பீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததல்ல, அவன் எடுத்துக்கொடுத்தது. நான் தலையை ஆட்டினேன். நீங்கள் வந்து கேட்டபோது அவனேதான் சொன்னான். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். நான் பொய் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவை இழந்தவன் எனக்குச் சோறு ஊட்டிவிட்டான். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வாசலில் நீங்கள் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டில் எது நல்லது? நீங்கள் வேறு ஒன்று கேட்டிருக்க வேண்டும். விழுந்துகிடந்து அவள் கூப்பிட்டபோது இரண்டில் எது பாடிக்கொண்டிருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். எதுவுமே இல்லை.

ஆஃப் பண்ணிவிட்டு மாற்றுங்கள் என்று கடைக்காரர் சொன்னார் இல்லையா. நான் ஆஃப் பண்ணவில்லை. ஒரு சத்தத்தைக் காது ரொம்ப நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, சட்டென்று மாற்றினால்தான் வித்தியாசம் தெரியும் என்பது என் தொழில் பழக்கம். அதனால் படம் ஓட ஓடவே சின்ன ஸ்பீக்கரின் வயரை உருவினேன். மழை கேட்டது, வயலின் கேட்டது. திரையில் அந்த அம்மாவும் மகனும் வாயை வாயை அசைத்தார்கள், ஒரு பேச்சும் வெளியே வரவில்லை. நடு ஸ்பீக்கர் இல்லாத அறையில் படத்துக்கு மனிதக் குரலே கிடையாது சார். வயர் என் கையில் இருந்தது. அப்போது கேட்டது.

"என்னங்க."

குழையவில்லை, பிசிறில்லை. ரயில் நிலையத்தில் கேட்ட அதே குரல். எதிர்வீட்டுக்காரர் ஊரில் இருந்திருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும். நான் இல்லாத நேரங்களில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லிச் சொல்லிப் பழகினாளாம். அவளைப் பார்த்துக்கொண்ட அம்மா பிறகு சொல்லி அழுதார். அன்று எனக்கு அது தெரியாது. என் பெண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. அப்படியே நின்றேன். மறுபடியும் கூப்பிட்டாள். அதுவும் சுத்தமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கேட்டதில்லை.

உடனே ஓட வேண்டும், எந்த மனிதனும் ஓடியிருப்பான். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. போனால் தூக்க வேண்டும், தூக்கினால் பேசுவாள், பேசினால் பழைய கூழ்தான் வரும். மறுபடியும் "என்ன, திரும்பச் சொல்லு". இந்தக் குரலோடு அவள் நின்றுவிட்டால் நல்லது என்று தோன்றியது. அவள்மேல் உள்ள பிரியத்தால்தான் அப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் தரம் பார்ப்பவன், நல்லதை வைத்துக்கொண்டுதான் எனக்குப் பழக்கம்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அது மறுபடியும் குழைந்து போவதை என்னால் கேட்க முடியாது. குனிந்து, வயரைப் பெரிய ஸ்பீக்கரில் சொருகி, காட்சியை முதலிலிருந்து போட்டு, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பெரியதையே வாங்கிக் கொடுங்கள். அது பேச ஆரம்பித்த பிறகு அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை.