கருத்தம்மா தைத்த நாலாயிரம் பனியன்

முதலிபாளையம் தொழிற்பேட்டையின் இந்த மண்டபத்துக்கு நடுநாயகமாக அமர்ந்து, நான் வாயைத் திறப்பதற்குள்ளாகவே கைக்கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் ஆத்தப்பன் அவர்களே. இந்த ஊர் நூலாடையை நாலு கண்டத்துக்கும் அனுப்பி வைத்த நரைமுடிப் பெரியோர்களே. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. பாட்டுக் கேட்டபடியே பனியன் தைக்கும் பாசமிகு சகோதரிகளே. நான் பேசும் தமிழ் புரியாவிட்டாலும் முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டும் பீகார்த் தம்பிகளே. உங்கள் எல்லோரையும் இந்த விஜயராணி இரு கை கூப்பி வணங்குகிறேன்.

தையல் மெஷினில் எங்கள் சின்னக் கம்பெனி மாட்டுகிற தீப்பெட்டி அளவுப் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த மெஷினில் இன்னார் இத்தனை பீஸ் தைத்தார் என்று அது இன்டர்நெட் வழியாக ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். சொல்லுகிற வேலையைச் செய்யும் நிரலுக்குப் பெயர் வெப் கிளையண்ட் லைப்ரரி. ரெடிமேடாகக் கிடைத்த லைப்ரரி அறுநூறு கேபி இடம் கேட்டது. எங்கள் பெட்டியின் மொத்த இடமே இருநூற்று ஐம்பத்தாறு கேபி. என்ன செய்வது? ஒல்லியாக ஒன்றை நானே எழுதுகிறேன் என்று கிளம்பினேன்.

எழுதினேன், எழுதினேன், விரல் வீங்க எழுதினேன். பிறகு வெட்டினேன். அதில் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. வேண்டாததை அணைத்துவிட்டால் நிரல் இளைக்கும். படம் அனுப்பும் வசதியா? பனியன் பெட்டிக்குப் படம் எதற்கு, அணை. பத்து மொழி எழுத்தா? எண்ணிக்கைக்கு எதற்கு, அணை. பூட்டுப் போட்டு அனுப்பும் பாதுகாப்பா? அதில் மட்டும் கை வைக்கவில்லை. யாரங்கே சிரிப்பது, ராஜபாண்டி அண்ணனா? சிரியுங்கள் அண்ணே, சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவே இல்லை.

தொண்ணூற்றொன்பது கேபிக்கு வந்து நின்றது. நின்றதோடு நான் நின்றிருக்கலாம். இன்னும் ஒன்று குறையாதா என்று ஓர் ஆசை. பெட்டி முதன்முதலில் உயிர் பெறும்போது, "இந்த மெஷினில் தைப்பவர் பெயர் என்ன?" என்று கேட்கும் பகுதி ஒன்று இருந்தது. அதையும் அணைத்தேன். பெயரை நாமே உள்ளே எழுதி ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. தொண்ணூற்றெட்டு! துள்ளிக் குதித்தேன்.

தலைவரின் கம்பெனியில் கருத்தம்மா அக்காவின் பெயரை உள்ளே எழுதி, அவர் மெஷினில் முதல் பெட்டியை மாட்டி ஒரு வாரம் ஓட்டினோம். அருமையாக ஓடியது. அப்ரூவல் சாம்பிள் என்று தலைவர் அட்டை கட்டிக் கையெழுத்தே போட்டார். மீதி முப்பத்தொன்பது பெட்டிகளில் நிரலை ஏற்றும் வேலை சாம்பிள் செக்‌ஷன் தனபால் அண்ணனிடம் போனது. அப்ரூவலான சாம்பிளில் ஒரு நூல் மாறினாலும் சரக்கு திரும்பி வரும் ஊர் இது. அண்ணன் ஒரு நூல்கூட மாற்றவில்லை. உள்ளே இருந்த பெயர் உட்பட.

மறுநாள் காலை, சரக்கு வாங்கும் பையர் கம்பெனிப் பிரதிநிதி பெட்டிகளைப் பார்க்க வந்தார். எங்களுக்கோ தலைவரின் கம்பெனிதான் முதல் ஆர்டர். இருந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கம்பெனி, இது போனால் மூட வேண்டியதுதான். பதினோரு மணிக்குத் திரையைப் போட்டோம். திரையில் ஒரே ஒரு வரி. கருத்தம்மா, நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பீஸ்.

பிரதிநிதி எழுந்தே விட்டார். இந்தப் பெண்மணிக்கு நான் கைகொடுக்க வேண்டும் என்றார். தலைவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஏங்கண்ணு, கருத்தம்மா இன்னைக்கு லீவுங்க, அவங்க மெஷின்ல வேற ஆளுங்க. அவங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்து."

இப்போது சிரிக்கலாம் ராஜபாண்டி அண்ணே.

அன்று நான் சிரிக்கவில்லை. அழுதேன். தனபால் அண்ணன் பாவம், "நீங்க சாம்பிள் மாதிரியேன்னு சொன்னீங்க, அதான் அப்படியே ஏத்திப்போட்டனுங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு? பெயரை மாற்றச் சொல்ல மறந்தது நான். பெயர் கேட்கும் வாயை அடைத்ததும் நான். தலைவர் கோபப்படவில்லை. "பையர்காரங்க சாப்புட்டு வாரதுக்குள்ள சரியாச்சுன்னா இருக்கட்டுங்க. இல்லீன்னா அல்லாத்தையும் கழட்டிருங்க கண்ணு" என்றார். மரியாதையாகச் சொன்னாலும் முடிவு முடிவுதான்.

ஒரு மணி நேரம். அணைத்த சுவிட்சைப் போட்டேன். நானும் தனபால் அண்ணனும் மெஷின் மெஷினாக மண்டியிட்டு ஏற்றினோம். சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகத் திரும்பிய பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள், நான் போனில் தட்டினேன், பெட்டி வாங்கிக்கொண்டது. பிரதிநிதி உள்ளே வந்தபோது திரையில் ஒரு பெயர் ஏறியது. பத்து ஏறியது. இருபது ஏறியது. நாற்பதும் ஏறின!

ஆர்டர் கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. மெஷினை விட்டு எழுந்து வந்து திரை முன்னால் நின்றார் தெய்வாத்தாள் அம்மா. அவர் பெயர், அதற்கு நேரே பன்னிரண்டு பீஸ். "இருவது வருசமா தெக்கிறனுங்க. மூணாவது லைன் இத்தனைன்னுதான் சொல்லுவாங்க. தெய்வாத்தா தெச்சதுன்னு இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார்.

ஒரே ஒரு கேபி. அதை மிச்சம் பிடிக்கப் போய் நாற்பது பேரை நான் அழித்திருந்தேன்.

இன்று அந்த லைப்ரரியை இந்தத் தொழிற்பேட்டைக்கே இலவசமாகத் தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டிக்கு ஏற்றபடி எதை வேண்டுமானாலும் அணைத்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்கும் பகுதிக்கு மட்டும் அணைக்கிற சுவிட்சையே நான் வைக்கவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. போய் வருகிறேனுங்க, வணக்கம்.