ஏழு நாப்பது

முருகானந்தத்தைத்தான் முதல்ல பாக்கணுமா? பாக்கலாம் மேடம். வந்திருக்கான். பெல்ட்டைப் போட்டுக்குங்க, அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இழுத்துட்டு மெதுவா விடணும். ம், அப்படித்தான். கம்பெனி டிரைவர் லீவு, அதான் நான். தர்மராஜ், வெல்டிங் ஷாப் சூப்பர்வைசர். எனக்கும் வீடு இந்தப் பக்கம்தான், திருவானைக்கோவில். நீங்க ஸ்ரீரங்கத்துல ரூம் போட்டிருக்கீங்கன்னதும் நானே கூட்டியாறேன்னு சொல்லிட்டேன்.

ராஜகோபுரம் பாத்தீங்களா? நல்லது. அண்ணாந்து பாத்துட்டே நடந்து மாட்டு மேல மோதாம வந்துட்டீங்களே, அதுவே பெரிசு.

பையன் இல்லைங்க, முப்பத்தாறு வயசாகுது. எங்க கம்பெனி புக்லெட் அட்டையில பாத்திருப்பீங்க, அதான். சிரிக்கச் சொல்லி அரைமணி நேரம் நிக்க வச்சாங்க. கடைசியில கொட்டாவி விட்டான், அதை எடுத்துப் போட்டுட்டாங்க. பாக்க சந்தோஷமா இருக்கிற மாதிரி இருக்கும்.

ரெக்கார்டர் ஓடுதா? ஓடட்டும், பரவால்ல. நான் என்ன சொல்லணும்னு ஹெச்.ஆர். மேனேஜர் பிரவீன்ராஜ் சார் ஒரு பேப்பர்ல அடிச்சே குடுத்திருக்காரு. அஞ்சு பாயிண்டு. சட்டைப் பையிலதான் இருக்கு. எங்கயாவது சிக்னல்ல நின்னா படிச்சிடறேன்.

உங்க புத்தகத்துக்குத் தலைவர்களோட பார்வை வேணும்னா, எம்.டி. சொல்றதுதானே வேணும்? என்னைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க. நான் ஐம்பத்தி ரெண்டு பேருக்குத் தலைவன். அதுல நாப்பது பேரு நான் சொன்னா கேக்க மாட்டான், மிச்ச பன்னண்டு பேருக்கு கிரைண்டர் சத்தத்துல காது கேக்காது.

இது காவிரிப் பாலம். இந்தா, பக்கத்துலயே புதுசு ஒண்ணு கட்டிட்டு இருக்காங்க பாருங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே உங்களுக்கு? எம்.டி. பதினொரு மணிக்குத்தான் ஃப்ரீ ஆவாரு.

நான் படிச்சது சாயங்காலக் காலேஜ்ங்க. பகல்ல வேலை, ஆறு மணிக்கு மேல டிப்ளமா. நாங்களும் தூங்கி விழுவோம், வாத்தியாரும் பகல்ல வேற எங்கயோ வேலை பாத்துட்டு வர்றவரு, அவரும் தூங்கி விழுவாரு. அதுல படிச்ச இங்கிலீஷுதான். மூளை ஆளாளுக்கு ஒரு மாதிரி வேலை செய்யும்ங்கிறதுக்கு நியூரோடைவர்சிட்டின்னு பேராம், அந்த வார்த்தை நாக்குல நிக்க ரெண்டு நாளாச்சு. பேனர் வச்சாங்க கேன்டீன் வாசல்ல, நரம்பியல் பன்மைன்னு தமிழ்ல கொட்டை எழுத்துல. அமிர்தம்னு ஒரு அம்மா இருக்காங்க, கேன்டீன்ல. அது வந்து எங்கிட்ட கேக்குது, சார், நரம்பு டாக்டர் வர்றாராமே, என் முழங்காலுக்கும் ஒரு டோக்கன் போட்டு வைங்கன்னு.

முருகானந்தம் எப்படி வந்தான்னா, ஏழு வருஷம் முன்னாடி. லால்குடி. அவன் அக்கா மலர்க்கொடி கூட்டியாந்துச்சு. ஐ.டி.ஐ. பாஸ். அதுக்கு முன்னாடி மூணு எடத்துல வேலைக்குப் போயி மூணு எடத்துலயும் நிப்பாட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு சம்பளம்கூட கேக்கலை. அவனைச் சத்தம் போட்டுப் பேசாதீங்க சார், அது போதும்னுச்சு. நான் நெனைச்சேன், சரி, செல்லம் குடுத்து வளத்திருக்காங்கன்னு.

மொத நாளே கிரைண்டரை ஆன் பண்ணோம். ஆளைக் காணோம். பாத்தா டேபிளுக்கு அடியில உக்காந்திருக்கான், காதைப் பொத்திக்கிட்டு. பசங்க தண்ணி போட்டிருக்கான் சார்னானுங்க. குனிஞ்சு பாத்தேன். தண்ணி போட்டவன் கண்ணு எனக்குத் தெரியும் மேடம், எங்கப்பாரு கண்ணைப் பாத்து வளந்தவன் நான். இது அது இல்லை.

பெரிசா ஒண்ணும் பண்ணலைங்க. பஞ்சு குடுத்தேன், அப்புறம் காது மூடுற பெரிய மஃப் ஒண்ணு வாங்கிக் குடுத்தோம். ஷாப்போட கடைசி மூலையில ஒரு ஸ்டூலு. வெல்டிங் அடிச்ச ட்யூபுங்க அங்கதான் வந்து அடுக்குவாங்க. சும்மாதானே இருக்க, பாத்து அடுக்குன்னு சொன்னேன். ஒரு மாசம் கழிச்சுப் பாக்குறேன், சில ஜாயிண்டுல மஞ்ச சாக்பீஸ்ல வட்டம். என்னடா இதுன்னா, ஓட்டைங்கிறான். லென்ஸ் வச்சுப் பாத்தா ஊசி முனை அளவுக்கு ஒண்ணு இருக்கு.

இல்லைங்க, அதிசயம்லாம் இல்லை. அப்படி எழுதிடாதீங்க. நாங்களும் பாக்குறோம், எழுபதாவது ஜாயிண்டுல டீ ஞாபகம் வந்துடும். அவனுக்கு வராது. அவ்ளோதான் வித்தியாசம்.

மாசக் கடைசியில லோடு ஏத்தணும்னு கழுத்தைப் புடிப்பாங்க பாருங்க, அப்ப எல்லாரும் கையெழுத்தைப் போட்டுட்டு கஸ்டமர் சைட்ல போயி சரி பண்ணிக்கலாம்பானுங்க. அவன் மட்டும் வட்டத்தை அழிக்க மாட்டான். நானே அழிச்சிருக்கேன் ஒரு தடவை. திரும்ப வந்து பாத்தா அதே எடத்துல வட்டம். கோவமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஓட்டை அங்க இருக்கு, அதனால வட்டமும் இருக்கு. அவன் கணக்கு அது.

இது சத்திரம் பஸ் ஸ்டாண்டு. இங்கதான் அவன் தினமும் வந்து பஸ் மாறுவான். ரெண்டு பஸ்ஸு. ஷிஃப்டு எட்டு மணிக்கு, அவன் ஏழு நாப்பதுக்கு வந்துடுவான். மெஷின் ஓடாத இருபது நிமிஷம். அந்த நேரத்துல ஷாப்பை ஒரு சுத்து சுத்தி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துட்டு வந்து உக்காருவான். சாயங்காலம் போகும்போது எங்கிட்ட வந்து நிப்பான். மூஞ்சியைப் பாக்க மாட்டான், என் சட்டைப் பட்டனைப் பாத்து, நாளைக்கு ஏழு நாப்பதாம்பான். நான் ஏழு நாப்பதுன்னு சொல்லணும். சொன்னாத்தான் கிளம்புவான். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், லீவு. ஆறரை வரைக்கும் என் டேபிள் பக்கத்துலயே நின்னிருக்கான். செக்யூரிட்டி போன் போட்டு, சார், இந்தாளு நகர மாட்டேங்கிறாருன்னான். அவன் காதுல வைடான்னு சொல்லி, ஏழு நாப்பதுன்னேன். கிளம்பிட்டான். ஆறு வருஷம் இப்படித்தாங்க ஓடுச்சு. ஒரு பேரு கிடையாது, பேனர் கிடையாது. கொஞ்சம் ஒரு மாதிரி ஆளுன்னு சொல்லுவோம், அதோட விட்டுருவோம்.

வெற்றின்னா என்னவா? இது பேப்பர்ல மூணாவது பாயிண்டு. அதுல என்னமோ போட்டிருக்கு. என்னைக் கேட்டீங்கன்னா, அவன் அந்தக் கடைசி ஸ்டூல்ல உக்காந்திருக்கணும். தினமும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

கெடுத்தது யாருன்னா நான்தான். என் வாய். போன வருஷம் வெளிநாட்டுக் கஸ்டமர் ஒருத்தன் ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கான், நீங்க இந்த நியூரோடைவர்சிட்டி ஆளுங்களுக்கு வேலை குடுக்குறீங்களான்னு. மீட்டிங்ல எம்.டி. கேட்டாரு, நம்மகிட்ட யாராவது இருக்காங்களான்னு. எல்லாரும் டேபிளைப் பாத்துட்டு இருந்தாங்க. நான் கையைத் தூக்குனேன். ஸ்கூல்லகூட நான் கையைத் தூக்குனதில்லை மேடம். பெருமையில தூக்கிட்டேன், நம்ம ஷாப்புல ஒருத்தன் இருக்கான்னு.

அப்புறம் டாக்டரு, டெஸ்டு. ஆட்டிசம்னு எழுதிக் குடுத்தாங்க. மலர்க்கொடி வெளிய பெஞ்சுல உக்காந்து அழுதுச்சு. இத்தனை நாளு நான் அடிச்சிருக்கேன் சார் இவனைன்னுச்சு. அவன் ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சான். தேதியில வருஷத்தைத் தப்பாப் போட்டிருந்தாங்க. பையில இருந்து சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டு டாக்டர் கையிலயே குடுத்தான்.

எம்.டி. கெட்டவர்னு நெனைச்சுடாதீங்க. நெசமாவே ஆசைப்பட்டாரு. அதான் வெனை. ஏதாவது செய்யணும்னு ஆசைப்பட்டாரு. ஆபீஸ் முன்னாடி, ரிசப்ஷனுக்குப் பக்கத்துல, ஒரு கண்ணாடி ரூம் போட்டுக் குடுத்தாங்க. ஏசி. புது சேரு, சக்கரம் வச்சது. சாம்பிள் பீஸுங்களை அங்க கொண்டு போயி வச்சு இவன் பாக்கணும். வர்றவங்க போறவங்க வெளிய நின்னு பாப்பாங்க. நாம வண்டலூர் ஜூவுக்குப் போனா பாப்போம் பாருங்க, அந்த மாதிரி. நான் பிரவீன்ராஜ் சார்ட்ட சொன்னேன், சார், அவனை மூலையிலயே விட்ருங்கன்னு. அவரு சொன்னாரு, மூலையில வைக்கிறதுதான் தப்பு தர்மராஜ், இத்தனை நாளா ஒதுக்கி வச்சிருந்தீங்கன்னு. அவரு சொல்றதைக் கேட்டா நியாயமாத்தான் இருக்கு.

அந்த ரூமை ஒம்போது மணிக்குத்தான் தொறப்பாங்க. இவன் ஏழு நாப்பதுக்கு வந்து பூட்டுன கதவு முன்னாடி நிப்பான். ஏசி ஒரு சத்தம் போடும் பாருங்க, நமக்குக் கேக்காது, அவனுக்குக் கேக்கும். மஃப் போட்டா போட்டோவுக்கு நல்லாயில்லைன்னு கழட்டச் சொல்லிட்டாங்க. சாப்பிடறதை நிப்பாட்டிட்டான். அமிர்தம்மா தயிர்சாதம் பெசஞ்சு கொண்டு போயி வைக்கும், அப்படியே திரும்பி வரும்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் விசிட்டர்ஸ் வந்தாங்க. கேக்கு, எம்.டி. தன் காசுல வாங்குனது. நாப்பது பேரு அந்தச் சின்ன ரூமுக்குள்ள. எம்.டி. நல்லாப் பேசுனாரு, இவர்தான் எங்க பெருமைன்னாரு. உடனே எல்லாரும் கை தட்டுனாங்க. நாப்பது பேரு, கண்ணாடிக்குள்ள. நானும் தட்டுனேன் மேடம். தெரிஞ்சே தட்டுனேன், எல்லாரும் தட்டும்போது நம்ம கை மட்டும் எப்படி சும்மா இருக்கும். அவன் வெளிய போகப் பாத்தான். கதவு எது, கண்ணாடி எதுன்னு தெரியலை. ஒடைச்சுக்கிட்டே போனான். அவன் நெத்தியில ஏழு தையல். வந்தவங்கள்ல ஒருத்தருக்குக் கையில கீறல், சின்னதுதான். சின்னதுன்னாலும் விசிட்டர் பாருங்க.

இந்தா, இது மன்னார்புரம். ஆமாங்க, கொஞ்சம் சுத்துதான். நேரா பால்பண்ணை வழியாப் போயிருந்தா இந்நேரம் போயிருப்போம். வேணும்னுதான் சுத்துனேன். பொன்மலைப் பக்கமாப் போயி திருவெறும்பூர்ல ஏறிக்கலாம். கொஞ்சம் பேச வேண்டியிருந்துச்சு.

இல்லைங்க, அதுக்கப்புறம் அவன் வேலையில இல்லை. உடல்நலம் கருதி ஓய்வுன்னு லெட்டர். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். போட மாட்டேன்னா வேற ஒருத்தன் போடுவான், அது தெரியும்ல. சொல்லிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு அது. அன்னைக்கு நாலு மணிக்கே நான் வண்டியை எடுத்துட்டு கிளம்பிட்டேன். இருந்தா வந்து கேப்பான்ல, நாளைக்கு ஏழு நாப்பதான்னு. அன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னான்னு நான் யாரையும் கேக்கலை. மலர்க்கொடி வந்து கூட்டிப் போச்சுன்னாங்க.

அஞ்சு மாசமாச்சு.

அப்புறம் உங்க லெட்டர் வந்துச்சு, புத்தகத்துக்காக அவரையும் நேர்ல பாக்கணும்னு. பிரவீன்ராஜ் சார் என்னைக் கூப்பிட்டாரு. நீங்க சொன்னாத்தான் வருவாப்ல, ஒருநாள் மட்டும் வரச் சொல்லுங்கன்னாரு. ஸ்டூலைக்கூட பழைய மூலையிலயே போட்டாச்சு. மஃபைத் தொடைச்சு வச்சாச்சு. நான் போன் பண்ணேன். ஒருநாள் மட்டும்னு சொல்லத்தான் பண்ணேன், சத்தியமா. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். பழைய எடமான்னான். ஆமான்னேன். ஒருநாள்ங்கிறதைச் சொல்லாமலே போனை வச்சுட்டேன்.

காலையில நான் உங்களைக் கூட்டியார கிளம்பும்போது செக்யூரிட்டி போன் பண்ணான். சார், உங்காளு வந்துட்டாப்ல, யூனிஃபார்ம்லாம் போட்டு, சாப்பாட்டு டப்பாவோடன்னான். மணி எத்தனைடான்னு கேக்கலை. எதுக்குக் கேக்கணும்.

அவனைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி எம்.டி.ட்ட பேசலாமேங்கிறீங்களா? சொன்னேங்க. ரெண்டு தடவை. பாக்கலாம்னாரு. அவரும் பாவம், வக்கீலு வேண்டாங்கிறாராம், இன்சூரன்ஸ்காரன் வேண்டாங்கிறானாம். எல்லாரும் அவன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. நீங்க சொல்லிப் பாக்குறீங்களா? சொல்லுங்க. தலையாட்டுவாரு. நீங்க நாளைக்கு மெட்ராஸ்ல இருப்பீங்க.

பேப்பரா? ஆமா, அஞ்சு பாயிண்டும் அப்படியே பாக்கி இருக்கு. சிக்னலே விழலை பாருங்க இன்னைக்கு. நீங்களே வச்சுக்குங்க, இந்தாங்க.

அந்த ஊதா கேட்டுதான் நம்மது. உள்ள வண்டி போகாது, இங்கயே நிப்பாட்டுறேன். ஒண்ணே ஒண்ணு மேடம். அவன்கிட்ட பேசும்போது மெதுவாக் கேளுங்க. நெறைய கேளுங்க. ட்யூபைப் பத்திக் கேளுங்க, எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க, சாயங்காலம் வரைக்கும்கூட காட்டுவான். நீங்க கேட்டுட்டு இருக்கிற வரைக்கும் அவன் வேலையில இருக்கான், பாருங்க. நீங்க கிளம்புனதும் டப்பாவைக் கழுவிட்டு நேரா எங்கிட்டதான் வந்து நிப்பான், என் சட்டைப் பட்டனைப் பாத்துட்டு.

கை மட்டும் தட்டிடாதீங்க. பாத்து எறங்குங்க, அங்க குழி இருக்கு.