குறைதீர்க்கும் அதிகாரி

— ஏழு நாளுக்குள்ள திருப்பி அனுப்பியிருக்கணும் பெரியவரே. அதான் பாலிசி.

— மொளகா வெத மண்ணுல மொளைக்கவே ஏழெட்டு நாளாகும் சார். காயப் பாக்க மூணு மாசம். நான் எத வச்சுத் திருப்பி அனுப்ப?

— அது உங்க பிராப்ளம். ஆக்சுவலி, நீங்க இப்பிடி நேர்ல வந்து நிக்கிறதே தப்பு. இது ஆன்லைன் பிசினஸ். ஆப்ல டிக்கெட் போடணும்.

— போட்டோம் சார். ஏம் மகதான் போட்டா. ஒரு பொம்பளக் குரலு, ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னுச்சு. அமுக்குனோம். கடைசில, ‘வித்தவுககிட்டக் கேளுங்க’ன்னுச்சு. வித்தது யாரும்மான்னு கேட்டா, ‘நன்றி, உங்கள் குறை தீர்க்கப்பட்டது’ன்னு சொல்லி வச்சிருச்சு. அதான் உப்பூர்ல பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து ராமநாதபுரத்துக்கே வந்துட்டேன்.

— உங்களுக்கு இந்த அட்ரஸ் யாரு குடுத்தது?

— நீங்கதான் சார். கவரோட அடியில, கண்ணுக்குத் தெரியாத எழுத்துல போட்டிருக்கீக. மக போன்ல படம் புடிச்சு, இழுத்துப் பெருசாக்கிக் காட்டுனா. ‘பொன்விளைச்சல் குளோபல் வேர்ல்டு, மாவு மில் மாடி.’ உலகம் பூராவும் மாவு மில்லுக்கு மேலதான் இருக்கும்போலன்னு படியேறி வந்தேன்.

— நக்கலா? இது ஹெட் ஆபீஸ். நான் ஃபவுண்டர். அழகுராஜா.

— நான் நாகநாதன். வெவசாயம் பாக்குற சம்சாரி. இந்தா பாருங்க கவரு. ‘அசல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் விதை.’ இந்தா பாருங்க, அந்த வெதையில காய்ச்சது. முண்டுன்னா கோலிக்குண்டு கணக்கா உருண்டு இருக்கணும். இது எலிவாலு கணக்கா நீண்டு கெடக்கு. அதுவும் நாலு செடிக்கு ஒரு செடியிலதான். மத்ததெல்லாம் எலையும் தழையுமா நிக்குது, கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ணுன மாதிரி.

— முண்டு வெளையிற ஊர்ல இருந்துக்கிட்டு நீங்க ஏன் ஆன்லைன்ல வாங்குனீங்க?

— எடுத்து வச்சிருந்த வீட்டு வெத மழையில நனஞ்சு பூசணம் புடிச்சுப் போச்சு. மக சொன்னா, ஆயிரத்து எண்ணூறு பேரு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காகன்னு. பெறகுதான் உத்துப் பாத்தோம். அம்புட்டுப் பேரும் பார்சலு வந்த அன்னைக்கே போட்டிருக்காக. ‘பேக்கிங் சூப்பர்’, ‘டெலிவரி சூப்பர்’. காய்ச்சுச்சா இல்லையான்னு ஒருத்தரும் சொல்லல.

— அதுக்குப் பேருதான் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன்.

— வெவசாய ஆபீசரு கேக்குறாரு, வெத விக்கிற லைசென்சு நம்பர் எங்கன்னு. கவர்ல காணமே சார்?

— நாங்க விதையே விக்கல. ஆப்ல போயிப் பாருங்க, ‘வீட்டுத் தோட்டம், பொழுதுபோக்கு’ங்கிற கேட்டகிரி. தொட்டியில வச்சு அழகு பாக்குறதுக்கு. நீங்க கொண்டுபோயிக் காட்டுல வெதச்சா கம்பெனி எப்பிடிப் பொறுப்பாகும்?

— நாப்பது பாக்கெட்டு வாங்குனேனே, நாப்பது தொட்டி வச்சிருப்பான்னா நெனச்சீக? ரெண்டு ஏக்கர் சார். எனக்கு அதுல பொழுதும் போச்சு, பொழப்பும் போச்சு.

— சரி, இப்ப என்னதான் வேணும்?

— சண்டைக்கு வரல. ஒரு கையெழுத்து வேணும். ‘இந்தக் கவரு நாங்க வித்ததுதான்’னு ஒரு தாளுல எழுதித் தாங்க. கவரு, ஒங்க கையெழுத்து, காட்டுல நிக்கிற செடி, இந்த மூணும் இருந்தாத்தான் ஆபீசரு வந்து பாத்து எழுதுவாராம். அப்பத்தான் நுகர்வோர் கோர்ட்டுல கேசு நிக்குமாம். இல்லாட்டி, அடுத்த வெதைப்புக்கு நான் காட்ட வித்துத்தான் வெத வாங்கணும்.

— சைன் எல்லாம் சான்சே இல்ல. எங்க லீகல் டிபார்ட்மெண்ட் விடாது.

— அப்ப இதுல ஒரு பேரு போட்டிருக்கே, ‘குறைதீர்க்கும் அதிகாரி, மகேஸ்வரி, எம்.பி.ஏ.’ அவுகளக் கூப்பிடுங்க.

— மேடம் மீட்டிங்ல இருக்காங்க.

— என்னங்க! கொழம்பு கொதிக்குது, இந்தப் புளியக் கரைச்சுக் குடுங்கன்னா அங்கன யாருகூட வாயடிச்சுக்கிட்டு இருக்கீக?

— மகேசு, நீ உள்ள இரு.

— மீட்டிங்கு புளிக் கரைசல்ல நிக்குதோ சார்?

— யாருங்க வந்திருக்கது?

— ஒரு கஸ்டமர். உப்பூர்ப் பக்கம். நாகநாதனாம். முண்டு விதை.

— வந்தவுகள நிக்க வச்சா பேசுறது? ஒக்காரச் சொல்லுங்க. இருங்க, மோர் கொண்டாரேன்.

— எனக்கு மோரெல்லாம் வேணாம் சார். கையெழுத்தப் போட்டுக் குடுங்க, ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்.

— கொண்டாரேன்னு சொன்னா கொண்டுவந்துருவா. கொஞ்சம் நேரமாகும், அம்புட்டுத்தான்.

— இந்தாங்கண்ணே, குடிங்க. உப்பு போட்டிருக்கேன். தப்பா நெனைக்காதீகண்ணே, ஒண்ணு கேக்கட்டா? ஒங்க மொகத்துல எங்க அய்யா சாடை அப்பிடியே அடிக்குது. நீங்க மூக்கையா பெரியப்பா மகனா?

— எங்க அய்யாவ ஒனக்கு எப்பிடித் தெரியும் தாயி?

— பாத்தீகளா! பூமயில் சின்னம்மா வீட்டுக்கு எதுத்தாப்புல ஓட்டு வீடு, சரியா?

— ஆமா! அட, ஆமா தாயி! நீ யாரு மக?

— என்னங்க, ஃபேனப் போடுங்க! எங்க அண்ணன் வந்திருக்காக, வேக்காட்டுல ஒக்கார வச்சிருக்கீக. எங்க அய்யாவும் மூக்கையா பெரியப்பாவும் பங்காளிகண்ணே. கம்மாக்கரையில என்னமோ வாய்ச்சண்ட, எங்க அய்யா கோவிச்சுக்கிட்டு ஊர விட்டே வந்துட்டாரு. நீங்க அப்பச் சின்னப் புள்ளையா இருந்திருப்பீக.

— எங்க அய்யாகூடச் சண்ட போடாத ஆளு ஊருல கெடையாது. இருக்கும், இருக்கும்.

— பெரியப்பா நல்லா இருக்காகளா?

— அவுக போயிச் சேந்து அஞ்சு வருசமாச்சே.

— ஐயோ! என்னண்ணே சொல்றீக? அஞ்சு வருசமா? ஒரு தாக்கல் சொல்லிவிட்டீகளா? பங்காளி வீடு ஒண்ணு ராமநாதபுரத்துல இருக்கேன்னு யாருக்காவது தோணுச்சா? ஒரு ஓரமா ஒக்காந்து அழுதுட்டு வந்திருப்பேனே! என்னங்க, கேட்டீகளா? எங்க பெரியப்பா போயிட்டாகளாம்!

— வெரி சாரி மச்சான்.

— அழாத தாயி. தெரியாமப் போச்சு. எம் மேலதான் தப்பு.

— தப்புத்தாண்ணே. சொந்தத்த மறக்குறது பெரிய தப்பு.

— மன்னிச்சுக்க. ஏதோ கேக்கத்தான் வந்தேன், என்ன கேக்க வந்தேன்னே மறந்துபோச்சு. கூடப் பொறந்தது எல்லாம் ஆம்பளைகம்மா. அண்ணேன்னு கூப்புட ஒரு பொண்ணு இல்லையேன்னு எங்க ஆத்தா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு.

— இனிமே நான் இருக்கேன்ல? எந்திரிங்க, கையக் கழுவுங்க. நகரை மீன் கொழம்பு. காலையில மண்டபத்துல இருந்து வந்தது.

— இல்ல தாயி, அந்தக் கையெழுத்து...

— மொத மொதத் தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டு, சோறு திங்காமக் கையெழுத்துக் கேக்குறவுக நீங்க ஒருத்தருதாண்ணே. ஒக்காருங்க.

— சரி தாயி. கொஞ்சமா வையி. ம். ஆத்தா வச்ச மாதிரியே இருக்கு.

— இன்னொரு துண்டு?

— போதும் போதும், வயிறு நெறஞ்சுபோச்சு. தாயி, அந்தக் கையெழுத்து மட்டும்.

— போடுறேண்ணே. குடுங்க பேனாவ. கம்பெனி ஏம் பேர்லதான் இருக்கு, அதிகாரியும் நான்தான். கேசும் ஏம் மேலதான் வரும். நான் ஒரு பக்கம் நிப்பேன், நீங்க ஒரு பக்கம் நிப்பீக. மூக்கையா மகன் சொந்தத் தங்கச்சியக் கோர்ட்டுல ஏத்துனான்னு நாலு பேரு பேசுவாக. பேசட்டும். எங்கன போடணும், இங்கனயா?

— வேணாம் தாயி.

— இல்லண்ணே, ஒங்களுக்கு நியாயம் கெடைக்கணும்.

— பேனாவக் கீழ வையின்னு சொல்றேன்ல. ஒன் வீட்டுச் சோத்த இப்பத்தான் தின்னேன். அந்தக் கையால கேசு எழுதுனா வெளங்குவேனா நான்?

— மனசு கேக்கலண்ணே. நமக்கு வெதைய மூட்டையில அனுப்புறவன் மதுரையில இருக்கான். அவன் சட்டையப் புடிக்கணும். அந்தக் கவர எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மழைக்கு நாப்பது பாக்கெட்டும் நானே அனுப்பி வைக்கிறேன். நல்ல வெதையா.

— இந்தா தாயி. இது எனக்கு இனி எதுக்கு?

— காட்டுல நிக்கிற செடியையும் பாத்துக்கிட்டே இருக்காதீக, மனசுதான் வேகும். நாளைக்கே புடுங்கிப் போட்டு உழுதுருங்க.

— அதுவுஞ் சரிதான். சீ, பாரு, பொறந்தவன் வீட்டுல இருந்து வெறுங்கையோட வந்துட்டேன். இந்தா, இந்தக் கருப்பட்டிய வச்சுக்க. வீட்டுக்காரி நாகலெட்சுமிக்கு வாங்குனது.

— ஐயோ, மதினி தேடுவாகளே!

— தங்கச்சிக்குக் குடுத்தேன்னு சொன்னா ஏன் தேடுறா? தீவாளிக்குச் சேல எடுத்துக்கிட்டு வாரேன். மாப்ள, புள்ளையக் கண்ணு கலங்காமப் பாத்துக்கங்க. ஆபீஸு அது இதுன்னு வேல வாங்காதீக.

— ஷ்யூர் மச்சான். படி பாத்து எறங்குங்க. அப்பிடியே ஆப்ல ஒரு ரிவியூ...

— மகளப் போடச் சொல்றேன் மாப்ள. எத்தன நட்சத்திரம் இருக்கோ அத்தனையும்.

— பாத்துப் போங்கண்ணே!

— வாரேன் தாயி!

— போயிட்டாகளா?

— பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிட்டாரு. தங்கமான மனுசண்டி. மொதல்லயே தெரிஞ்சிருந்தா நானும் பாலிசி, லீகல்னு பேசியிருக்க மாட்டேன். நம்ம கல்யாணத்துக்குக் கூட அவுகளக் கூப்புடலையே.

— மேச மேல வச்சேன்ல, அந்தக் கவர எடுத்துக் குடுங்க. அடுப்பு எரியுது.

— இந்தா. ஆனா ஒரு ஆச்சரியம் பாத்தியா மகேசு? போன மாசம் வந்த கமுதிக்காரரு ஒன் சித்தப்பா மகன். அதுக்கு முந்தி அந்தத் தொண்டி ஆளு ஒன் அம்மான் மகன். இன்னைக்கு இவரு பெரியப்பா மகன். நம்ம கஸ்டமர் பூராவும் ஒன் வீட்டு ஆளுகளாவே எப்பிடி அமையிறாக?

— மோர் கொண்டார நேரமாச்சுல்ல, எதுக்குன்னு நெனச்சீக? கம்ப்யூட்டர்ல அந்த ஆர்டரத் தொறந்து படிங்க. ‘நாகநாதன், தகப்பனார் மூக்கையா, கம்மாக்கரைத் தெரு, பூமயில் வீட்டுக்கு எதிரில் ஓட்டு வீடு.’ பார்சல்காரன் வழி தெரியாமத் திரும்பிறக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் வம்சத்தையே எழுதி அனுப்புறாக. அடுத்த கவர்ல நம்ம அட்ரஸ்ஸ மட்டும் எடுத்துருங்க.