வலிச்சா சொல்லுங்க

– வலிக்க ஆரம்பிச்சதும் 'நிறுத்து'ன்னு சொல்லணும் ஐயா. அதுக்குத்தான் வலது கால் முட்டியில இந்தக் கருவியை வச்சு அழுத்துறேன்.

– இன்னும் அமுக்கு தாயி. ஒண்ணும் பண்ணல.

– நெத்தியில வேர்த்துக் கொட்டுதே! இது பரீட்சை இல்லைங்க, பாஸ் மார்க் எல்லாம் கிடையாது.

– இவர்கிட்ட கேட்டா ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டார் மேடம். கட்டிக்கிட்ட எனக்கே இருபத்தெட்டு வருஷமா 'ஒண்ணுமில்லடி'தான்.

– ஏய், வெளிய போய் உக்காரு நீ.

– போக மாட்டேன். நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு இன்னைக்கு என்னங்க வீராப்பு?

– சரி ஐயா, இன்னொரு வாட்டி. முட்டிப் பக்கமே வரல, முன்னங்கையிலதான் வைக்கிறேன். நெசத்தைச் சொல்லுங்க.

– ஐயோ! நிறுத்து தாயி, நிறுத்து!

– இப்பத்தானே ஐயா வச்சேன்.

– கையில எதுக்கு மேடம் இப்படி வலிக்குது? தேஞ்சது முட்டிதானே?

– வருஷக்கணக்கா வலிச்சு வலிச்சு, தொட்டதுக்கெல்லாம் கத்த நரம்பு பழகிடுச்சும்மா. நல்லா இருக்கிற கையே இந்தப் பாடு படுத்துனா, முட்டியை மாத்தினாலும் வலி போகாம நிக்கலாம். ஆனா ரெண்டு வருஷம் முன்ன மாத்தின இடது முட்டியில சுத்தமா வலி இல்லன்னு ஃபார்ம்ல இருக்கே?

– நான்தான் எழுதினேன், அவர் சொல்லச் சொல்ல. ஏங்க, வாயைத் திறங்களேன்.

– வலிக்குது. மாத்தின நாள்ல இருந்து. முன்னைக்கு இப்ப ஜாஸ்திதான்.

– அடப் பாவி மனுஷா! கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் 'பதினெட்டு வயசுக் கால்'னு உதறி உதறிக் காட்டினீங்களே!

– பின்னே என்னடி பண்ணச் சொல்ற? சவரக்கத்தி பிடிக்கிறவன் 'வலி சுண்டி இழுக்குது'ன்னா எவன் கழுத்தை நீட்டுவான்?

– ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன எதிர்பார்க்கிறீங்கங்கிற இடத்துல, 'நாள் முழுக்க நின்னு சவரம் பண்ணணும்'னு ஒரே ஒரு வரி இருக்கு ஐயா.

– அது ஒண்ணுதான் தாயி. நடக்க வேணாம், மாடிப்படி வேணாம். நாற்காலி பக்கத்துல நிக்கணும், கை ஆடாம.

– நிக்கலாம். வலியோடதான் நிப்பீங்கன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்றேன். முதல்ல வலிக்குன்னு மருந்து, பயிற்சி எல்லாம் பார்ப்போம். அதுலயும் போயிடும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது.

– தள்ளிப் போட்டா தெரு பூரா தெரிஞ்சிடும். வேணாம் தாயி, நாளைக்கே அறுக்கச் சொல்லு. வெளிய வந்து 'ஜோரா இருக்கு'ன்னு சொல்லிக்கிறேன். அந்தப் பொய்யாலதான் கடை ஓடுது.

– ஓடுதா? எல்லாரும் முடியை மட்டும் வெட்டிக்கிட்டுப் போறாங்க. யாராவது சவரத்துக்குன்னு உக்காந்து ஒரு வருஷம் ஆச்சுங்க.

– இப்ப எல்லாரும் தாடி விடுறானுங்கடி. அதான் வேற ஒண்ணுமில்ல.

– கத்தி வைக்கிறப்ப உங்க கை வலியில வெட்டி இழுக்கிறதை எல்லாரும் பார்த்தாச்சு. நம்ம மகனே பக்கத்துத் தெரு சலூன்லதாங்க சவரம் பண்ணிக்கிறான்.